சொந்தச் சுவரும் பிறர் வாசலும்: வீட்டுக் கேமராக்களுக்கு விதி வேண்டாம் என்பார்க்கு மறுப்பு

வீட்டு வாசலில் மாட்டப்படும் கண்காணிப்புக் கேமரா அந்த வீட்டாரின் சொந்த விவகாரம் என்பதும், அதற்கு விதி வகுக்க முற்படுவது திருடனுக்கு வழிவிடுவதாகும் என்பதும் மாநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று ஏறத்தாழ எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டுவிட்டன. சுவர் தம்முடையது, தெருவோ எல்லாருக்கும் பொது, பொதுவிடத்தில் நடப்பதை யாரும் பார்க்கலாம், தவறு செய்யாதவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்று அடுக்கிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை சொல்ல முயல்வோரே ஐயத்துக்கு உரியவர்களாகிவிடும் நிலையும் உருவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த எண்ணம் வேரூன்றியதில் காவல்துறைக்கும் பங்குண்டு. சென்னை மாநகரக் காவல் ஆணையராக ஏ.கே. விசுவநாதன் இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்னும் பெயரில் நடந்த இயக்கம், குடியிருப்போரும் வணிகரும் தெருவை நோக்கிக் கேமரா வைப்பதை ஊர்நலப் பணியாகவே எடுத்துச் சொன்னது. சங்கிலிப் பறிப்பு முதலிய வழக்குகளில் அத்தகைய பதிவுகள் துப்புத் துலக்க உதவின என்பதையும் மறுப்பதற்கில்லை. மறுக்க வேண்டியது, அந்தப் பயனை முன்னிறுத்தி, கேமரா எங்கே நோக்கலாம், எதைப் பதியலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்னும் எந்தக் கேள்விக்கும் இடமில்லை என்று முடிவுகட்டுவதைத்தான்.

கருவியின் இயல்பு தெளிவானால்தான் இந்த முடிவின் பிழை விளங்கும். சுவரிலோ கூரை விளிம்பிலோ பொருத்தப்பட்டு, கம்பிவழியே வீட்டினுள் இருக்கும் டிவிஆர் என்னும் பதிவுப்பெட்டிக்குப் படத்தை அனுப்பும் பழைய சிசிடிவி, பெட்டியிலுள்ள வன்தட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொள்ளும். அதை ஒருவர் வேண்டுமென்றே எடுத்துப் பார்க்காதவரை பெரும்பாலான காட்சிகள் யார் கண்ணிலும் படாமலே அழியும். வீடியோ டோர்பெல் என்று விற்கப்படும் புதிய அழைப்புமணி அப்படிப்பட்டதன்று. கதவருகே ஆள் முகத்துக்கு நேராகப் பொருத்தப்படும் அதில் அகன்ற கோணத்தில் காணும் வில்லையும், ஒலிவாங்கியும், இருளிலும் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்கும், அசைவை உணரும் மின்னணு உறுப்பும் உள்ளன. மணியை யாரும் அழுத்தாதபோதும், எதிரே ஏதேனும் அசைந்தாலே பதியத் தொடங்கி, அப்பதிவை வீட்டு இணைய இணைப்பின் வழியே நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பி, உரிமையாளரின் கைப்பேசிக்கு அறிவிப்பும் கொடுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு அடி அகலமே உள்ள சந்துகளிலும், கதவுக்குக் கதவு நேரெதிராக அமைந்த அடுக்குமாடி நடைவழிகளிலும், இந்த வில்லையின் சட்டகத்துக்கு நடுவே விழுவது பெரும்பாலும் எதிர்வீட்டு வாசலும், அது திறந்திருக்கும்போது அவ்வீட்டுக் கூடமும்தான்.

சுவர் தம்முடையது என்பதால் அதில் எதையும் மாட்டலாம் என்னும் வாதம், சொத்துரிமையைப் பற்றியே தவறான புரிதல் உடையது. கிரயப் பத்திரங்களில் ஈஸ்மெண்ட் பாத்தியம் என்று எழுதப்படும் உரிமை, அதாவது ஒருவர் தம் நிலத்தின் நலத்துக்காகப் பிறர் நிலத்தின்மேல் கொண்டிருக்கும் வரையறுத்த உரிமை, 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டது. அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. ஊர் வழக்காற்றால் பிறக்கும் உரிமைகளைப் பேசும் அதன் 18ஆம் பிரிவு, அதற்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்கும் நிகழ்வுகளுள் ஒன்று வியப்புக்குரியது: அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பெரிதும் குலைக்கும் வகையில் எவரும் தம் வீட்டில் புதிதாகச் சன்னல் திறக்கக்கூடாது என்னும் வழக்காறு ஓர் ஊரில் இருக்குமானால், அங்கு வீடு கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு உரிமையாகவே கிடைத்துவிடுகிறது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், பெண்கள் புழங்கும் பகுதி தெரியும்படி அண்டை வீட்டார் புதிதாகக் கட்டிய தாழ்வாரத்தையும் வாயில்களையும் பற்றிய வழக்கில், இத்தகைய வழக்காற்று உரிமை உண்டென்று ஏற்றது. அந்த உரிமை ஊருக்கு ஊர் மெய்ப்பிக்கப்பட வேண்டியதாக இருந்தது என்பதும், அதன் அடிப்படை பெண்களை மறைத்துவைக்கும் பழக்கமாக இருந்தது என்பதும் உண்மையே. இன்று அந்த அடிப்படையை யாரும் மீட்டெடுக்க வேண்டியதில்லை. ஆயினும் தன் செங்கல்லால் தன் சுவரில் திறந்த சன்னல்கூட அடுத்தவர் வீட்டைப் பார்ப்பதற்கான உரிமையைத் தானாகத் தந்துவிடுவதில்லை என்பதை ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்பே ஏற்றுக்கொண்ட சட்ட மரபில், உறங்காமல் பார்ப்பதோடு பார்த்ததைச் சேமித்தும் வைக்கும் ஒரு வில்லைக்கு எல்லையே இல்லை என்று எப்படிச் சொல்ல இயலும்?

அண்மைத் தீர்ப்புகளும் இதே திசையில்தான் செல்கின்றன. அண்டை வீட்டுக் கேமரா தம் வீட்டை நோக்கி வைக்கப்பட்டிருப்பது பற்றிய முறையீட்டை 2023இல் விசாரித்த கேரள உயர்நீதிமன்றம், பாதுகாப்பின் பெயரால் அயலார் விவகாரங்களை எட்டிப்பார்க்க இடம்தர முடியாது என்றும், வீட்டுக் கேமராக்களுக்கு வழிகாட்டு நெறிகள் தேவை என்றும் கருத்துரைத்தது. ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் உடன்பிறந்தார் இருவருக்கு இடையிலான வழக்கில், உடன் வாழ்பவரின் ஒப்புதலின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது அவரது தனியுரிமையை மீறுவதாகும் என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. சொந்த வீட்டுக்குள்ளேயே சொத்துரிமை இவ்வளவில் நின்றுவிடுகிறதென்றால், வீட்டுக்கு வெளியே அது மேலும் நீளுவதற்கு நியாயமில்லை.

தெரு பொதுவிடம் என்னும் வாதம் இதைவிட வலுவானது. ஆகவே சற்று நின்று ஆராயத்தக்கது. நம் தெருக்களில் யார் வந்தார், யார் போனார் என்பது எப்போதும் அயலார் கண்ணில் பட்டே வந்திருக்கிறது. திண்ணையில் அமர்ந்தவர்கள் பார்த்ததைத்தானே இன்று கேமரா பார்க்கிறது என்று கேட்கப்படுகிறது. ஆனால் திண்ணையில் அமர்ந்தவர் பார்ப்பவராக இருந்ததோடு பார்க்கப்படுபவராகவும் இருந்தார். அவர் பார்க்கிறார் என்பது நடந்துபோனவருக்குத் தெரிந்தது. அவர் உறங்கினார், மறந்தார், கண்டதை அளவு மாறாமல் மறுநாள் திருப்பிக் காட்ட அவரால் இயலவில்லை. ஆறு மாதத்து வருகைகளை வரிசையாக எடுத்துவைத்து, எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்கு எதிர்வீட்டுப் பெண் திரும்புகிறாள் என்று கணக்கிட்டுப் பார்க்கும் ஆற்றல் எந்தத் திண்ணைக்கும் இருந்ததில்லை. மனிதக் கண்ணுக்கு இயற்கையாக இருந்த தடைகள் நீங்கியபின், அத்தடைகள் செய்துவந்த வேலையைச் சட்டம்தான் செய்தாக வேண்டும்.

இந்திய நீதித்துறை இந்த இடத்தை வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. உத்தரப் பிரதேசக் காவல் விதிகளின்படி ஒருவர் கண்காணிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த வழக்கில், 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், நள்ளிரவில் கதவைத் தட்டி வீட்டினுள் நுழையும் காவலர் வருகையைச் செல்லாது என்றனர். ஆனால் வீட்டுக்கு வெளியே மறைந்திருந்து கவனிப்பதில் உரிமை மீறல் எதையும் அவர்கள் காணவில்லை. சுவரைத் தொடாத பார்வை யாரையும் தீண்டுவதில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. உடல் தடுக்கப்படாவிட்டாலும் ஒவ்வோர் அசைவும் கவனிக்கப்படும் நிலையில் நடமாடுபவர் சுதந்திரமாக நடமாடுவதாகாது என்று அன்றே மாறுபட்டு எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ். புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வுரிமையை மறுத்த அளவுக்கு நீக்கப்பட்டது; பொதுவிடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை, அது மனிதரோடு செல்வது என்றும் தெளிவாக்கப்பட்டது. அடிப்படை உரிமை அரசுக்கு எதிரானதேயன்றி அண்டை வீட்டாருக்கு எதிரானதன்று என்று இங்கே இடைமறிப்பார் உண்டு. அதே தீர்ப்பு, அரசு அல்லாதோரிடமிருந்தும் தனியுரிமைக்குத் தீங்கு வரக்கூடும் என்று சுட்டி, அதற்கேற்ற தரவுப் பாதுகாப்பு ஏற்பாட்டை உருவாக்கும்படி ஒன்றிய அரசிடம் கேட்டுக்கொண்டதை அவர்கள் கருதிப் பார்ப்பதில்லை.

பொதுவிடம் என்னும் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஐரோப்பாவிலிருந்து வந்தது. செக் நாட்டில், வீட்டின் சன்னல்கள் பலமுறை உடைக்கப்பட்டதால் கூரைவிளிம்பின் கீழ் கேமரா பொருத்திய ஒருவரின் பதிவில், அவரது வாசலோடு பொது நடைபாதையும் எதிர்வீட்டு நுழைவாயிலும் விழுந்தன. 2007 அக்டோபரில் ஓர் இரவு கவண் வீச்சால் மீண்டும் சன்னல் உடைந்தபோது, ஐயத்துக்குரிய இருவரை அடையாளம் காண அப்பதிவு உதவியது. அவர்களுள் ஒருவர் அந்தப் பதிவின் சட்டத் தகுதியையே எதிர்த்துக் கேட்க, விவகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை சென்றது. முழுக்க முழுக்கத் தனிப்பட்ட அல்லது வீட்டுச் செயற்பாடுகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் விலக்கு, பொதுவெளியைச் சிறிதளவேனும் பதிந்து, வீட்டிலிருந்து வெளிநோக்கி அமைந்த கேமராவுக்குப் பொருந்தாது என்று 2014 டிசம்பர் 11 அன்று அந்நீதிமன்றம் தீர்த்தது. விதிகளை எதிர்ப்போர் இத்தீர்ப்பைக் குற்றவாளிக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டுவது உண்டு. ஆனால் சொத்தையும் உடல்நலத்தையும் உயிரையும் காக்க வீட்டார் கொண்டிருக்கும் நியாயமான அக்கறையைச் சட்டத்தின் கீழேயே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கேமராவைக் கழற்றும்படி அது யாரையும் பணிக்கவில்லை. எல்லை தாண்டிப் பதிபவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை மட்டுமே நிலைநாட்டியது.

தவறு செய்யாதவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் கேள்வியே எல்லாவற்றினும் தீங்கு மிக்கது, ஏனெனில் அது பார்க்கப்படுவது குற்றம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. தெருக் கேமராவில் ஆண்டு முழுவதும் பதிவாவதில் குற்றம் மிக அரிது. மீதமெல்லாம் மனிதரின் நடத்தை. மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்ணைப் பார்க்க யார் வந்தார், எத்தனை நேரம் இருந்தார், வீட்டுவேலைக்கு வருபவர் பையில் என்ன கொண்டுபோனார், குடியிருப்பவர் வீட்டுக்கு எந்தக் கடையிலிருந்து இறைச்சி வந்தது, எந்தப் பையனின் வண்டியில் எதிர்வீட்டு மாணவி வந்து இறங்கினாள் என்பனவே அதில் நிறைந்திருக்கும். இவற்றில் எதுவும் சட்டப்படி தவறன்று. ஆனால் சாதி கடந்த காதலுக்காக இளையோர் கொல்லப்படும் ஒரு சமூகத்தில், வண்டியில் வந்து இறங்கிய அந்தப் பத்து நொடிப் பதிவு யார் கைக்குப் போகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. வாடகைக்கு வீடு தரும்போதே சாதியும் உணவுப் பழக்கமும் விசாரிக்கப்படும் இடங்களில், மாடிப்படிக்கு நேரே வைத்த கேமரா அந்த விசாரணையை நாள்தோறும் தொடர்வதற்கான கருவியாகிறது. கண்காணிப்பின் சுமை எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. கேமராவின் உரிமையாளர் பெரும்பாலும் வீட்டின் உரிமையாளராகவும், பதியப்படுபவர் குடியிருப்பவராகவும் பெண்ணாகவும் வேலையாளாகவும் பொருள் கொண்டுவந்து தரும் இளைஞராகவும் இருப்பதால், அஞ்ச வேண்டாம் என்று சொல்பவருக்கும் அஞ்சுபவருக்கும் இடையில் உள்ள தொலைவு அதிகாரத்தின் தொலைவாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டம், வாடகைக்கு விட்ட பகுதிக்குள் உரிமையாளர் நுழைய வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒருமுறை உள்ளே வர ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியவர், குடியிருப்பவரின் கதவை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் பதிந்துகொண்டிருக்க எந்த அறிவிப்பும் கொடுக்க வேண்டியதில்லை என்பது அச்சட்டத்தின் நோக்கத்தையே வெறுமையாக்குகிறது. குடியிருப்போர் நலச்சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், சந்தேகப்படும்படி நடமாடினார் என்னும் ஒற்றை வரியோடு முன்பின் அறியாதவரின் முகம் பகிரப்படுவதும், அவர் பழைய பேப்பர் வாங்க வந்தவர் என்று பின்னர் தெரிந்தாலும் அப்படம் திரும்பப் பெறப்படாததும் இந்தப் பொறுப்பின்மையின் தொடர்ச்சியே.

பதிவு தம்மிடம் மட்டுமே இருக்கிறது என்னும் நம்பிக்கையும் பெரும்பாலும் பொய்த்துப்போவது. அமேசான் நிறுவனத்துக்குச் சொந்தமான ரிங் அழைப்புமணி நிறுவனத்தின்மேல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2023 மே மாதம் சுமத்திய குற்றச்சாட்டுகளில், ஊழியர் ஒருவர் 2017இல் பல மாதங்கள் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்துவந்தார் என்பதும், 2019 ஜனவரிக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் ஏறத்தாழ 55,000 அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் ஊடுருவப்பட்டன என்பதும் அடங்கும். நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், உரிமையாளரின் ஒப்புதலின்றியே அவசர நிலை என்னும் அடிப்படையில் 11 முறை காவல்துறைக்குப் பதிவுகளைக் கொடுத்ததை அமேசான் செனட் உறுப்பினர் எட் மார்க்கிக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. கேமராவை வாங்கியவருக்கே அதன் பதிவின்மேல் முழு ஆளுகை இல்லாதபோது, அதில் அகப்பட்ட அயலாரின் நிலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் குறைகிறது என்னும் வாதத்தை அதன் தகுதியளவுக்கு ஏற்பதே நேர்மை. பிசா, வெல்ஷ், ஃபாரிங்டன், தாமஸ் ஆகிய ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, பொதுவிடக் கேமராக்கள் உள்ள பகுதிகளில் குற்றம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்ததாகக் காட்டுகிறது; பயன் மிகுதியாகத் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில்; வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. அக்கேமராக்கள் பெரும்பாலும் அமைப்புகளால் இயக்கப்பட்டவை என்பதால், தனித்தனி வீட்டாரின் அழைப்புமணிகளுக்கு அம்முடிவை அப்படியே பொருத்துவது பிழை. பொருத்தினாலும், எதிர்வீட்டுக் கூடத்தைப் பதியாமல் விட்டால் அந்தப் பயன் குறையும் என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்த்த வழக்கு இந்த வேறுபாட்டை நன்கு காட்டுகிறது. கதவிலிருந்த அழைப்புமணி, கடந்துசெல்லும் அண்டை வீட்டுப் பெண்ணைத் தற்செயலாகப் படம் பிடிப்பதை நீதிபதி பொறுத்துக்கொள்ளத்தக்கதென்றார். அப்பெண்ணின் எல்லைக்குள் நோக்கிய மற்றொரு கேமராவையும், படத்தின் எல்லைக்கு அப்பாலும் பல அடி தொலைவிலுள்ள பேச்சைப் பிடிக்கும் ஒலிவாங்கிகளையும் அவர் ஏற்கவில்லை. திருட்டைத் தடுக்க இத்தனை தொலைவுப் பேச்சு தேவையில்லை என்பதே அதன் காரணம். தேவையான அளவு, தேவைக்கு மிஞ்சிய அளவு என்று பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறையில் வீட்டாரின் பாதுகாப்பு எங்கும் கைவிடப்படவில்லை.

இந்தியச் சட்டத்தில் இப்பிரிவினைக்கு இன்னும் இடம் அமையவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு உடலின் மறைவிடங்களைப் படம்பிடிப்பதை மட்டுமே குற்றமாக்குகிறது. வாசலில் நிற்பவரை அது காப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிப்பட்ட அல்லது வீட்டு நோக்கத்துக்காகத் தனியாள் ஒருவர் கையாளும் தரவுகளைத் தன் எல்லையிலிருந்தே விலக்கிவிடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் கேமரா எங்கே நோக்குகிறது என்று கேட்க, இந்தியச் சட்டம் உரிமையாளர் எதற்காக வைத்தார் என்று கேட்பதோடு நின்றுவிடுவதால், பாதுகாப்புக்காக என்று சொன்ன மாத்திரத்தில் எதிர்வீட்டுக் கூடமும் வீட்டு நோக்கத்துக்குள் அடங்கிவிடும் இடர் இருக்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கேமராத் தரக் கட்டுப்பாடுகள், கருவி எங்கு உருவானது, அதன் மென்பொருளில் ஓட்டை உண்டா என்றெல்லாம் கடுமையாகச் சோதிக்கின்றன. அயல்நாட்டு உளவைப் பற்றி அரசு காட்டும் இந்தக் கவலையில் ஒரு பங்கேனும் அடுத்த வீட்டு உளவைப் பற்றி இருந்திருக்க வேண்டும்.

விதிகள் வந்தால், தனியே வாழும் முதியோரும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெற்றோரும் அலைக்கழிக்கப்படுவர் என்னும் கவலை உண்மையான கவலை. அதை ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் அவர்களிடம் கேட்கப்படுவது உரிமமோ படிவமோ அன்று. தம் கதவையும் அதன் முன்னுள்ள நடையையும் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பதியலாம். எதிர்வாசல் விழும் பகுதியைப் பல கேமராக்களில் உள்ள மறைப்பு வசதியால் கறுப்புக் கட்டமாக்க வேண்டும். ஒலிப்பதிவு இயல்பாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். குற்றம் எதுவும் நிகழாத நாள்களின் பதிவு சில வாரங்களில் தானே அழிய வேண்டும். பதியப்பட்ட அயலார் கேட்டால் காட்டவும், தேவையற்றதை அழிக்கவும் வேண்டும். குற்றம் தொடர்பான பதிவு காவல்நிலையத்துக்குப் போகலாம், வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. கேமராவை மாட்டித்தருபவர் ஏணியில் நிற்கும்போதே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்துவிடலாம் என்பதால், அப்பொறுப்பின் ஒரு பகுதியை விற்பவர்மேலும் மாட்டுபவர்மேலும் சட்டம் சுமத்துவதே முதியோருக்கு உகந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, அதன் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதம் தரப்பட்டிருக்கிறது. தன் எல்லைக்கு வெளியே உள்ள வாசலையோ வழியையோ தொடர்ந்து பதியும் கேமரா வீட்டு நோக்கம் என்னும் விலக்குக்குள் வராது என்னும் திருத்தத்தை அச்சட்டத்தில் சேர்க்கவும், வாடகை ஒப்பந்தங்களில் கேமராக்களின் இடத்தையும் நோக்கையும் எழுதிக் காட்டுவதைத் தமிழ்நாட்டு அரசு கட்டாயமாக்கவும் அந்தக் காலம் போதும்.